கவிஞரின் மனைவி பிழைத்த மாதம்

போன வாரம் மகள் ஒரு இத்தாலி காபி மெஷின் வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்ததும் வந்த புது ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனையில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை சொல்லச் சம்பளம். எங்கள் ஃபிட்டர் கஜா நசரத்பேட்டைக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். இத்தாலியிலிருந்து வந்த மெஷினின் கையேட்டோடும் ஒரு அகராதியோடும் மல்லுக்கட்டியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டவர். மெஷினைப் பொருத்த வந்த இத்தாலிக்காரர் ஊர் திரும்பும்போது அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கவிஞரின் வாழ்க்கை. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் அவர் ‘நம்மாளு’ ஆகிவிட்டார்.

வீட்டில் படித்ததை கஜா சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். நம்மாளு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். ஜெர்மன் கவிதைகளை மொழிபெயர்த்தார். ஊர் அதைத்தான் கொண்டாடியது. சொந்தக் கவிதையை ஒருவரும் சீந்தவில்லை.

“தன்னோடத உட்டுட்டு அடுத்தவன்த தூக்கிகினு திரியறான் பாரு” என்று கஜா சொன்ன அன்று, வெல்டர் நாயகம் அண்ணன் ‘பாவம்’ என்று தயிர்சாதத்தைப் பாதியில் மூடிவைத்தார்.

அந்த ஆடியில் கஜாவின் மனைவி தலைப்பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கஜா அங்கிருந்தே, பையில் புத்தகத்தோடு, வேலைக்கு வருவார். கதை மட்டும் நிற்கவில்லை. நம்மாளும் அவர் மனைவியும் சந்தைக்குப் போனார்கள், மீன் விலைக்காகச் சண்டை போட்டார்கள், ராசியானார்கள். ஆனால் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த பூந்தமல்லி பஸ் டிக்கெட் ஒரே பக்கத்திலேயே கிடந்தது. குறை கண்டுபிடிப்பது என் தொழிலாயிற்றே, தனியாகக் கேட்டேன்.

“அடுத்த பக்கத்துல அந்தம்மா பிரசவத்துல பூடுது மச்சான். அத இப்போ என் வாயால எப்டி சொல்றது?”

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன்பின் அவர் கதையில் திணறும்போதெல்லாம் ஏதாவது கேள்வி கேட்டு எடுத்துக்கொடுத்தேன்.

கஜாவுக்குப் பெண் குழந்தை. மனைவி நல்லபடியாக வீடு திரும்பிய மறுநாள், லட்டு டப்பாவோடு வந்தவர் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“நீ சொன்ன மாதிரியே இருக்கட்டும்பா” என்றார் நாயகம் அண்ணன். “மேல சொல்லு.”

கஜா யோசித்தார். பிறகு, மனைவி பக்கத்தில் இருக்க, நம்மாளு அடுத்த கவிதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

கஜா இறந்து இரண்டு வருஷமாகிறது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

“யாரப் பாக்கணும் சார்?” என்றார் வாட்ச்மேன்.

கஜா என்று வாய்வரை வந்தது. எந்த பிளாட் என்று கேட்பாரே. வண்டியைக் கிளப்பினேன்.