சறுக்குத் தடத்தில் பூட்ஸ் கால்கள்

பின்லாந்தில் எங்கள் ஊர்ப் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் ஒரே சட்டம்தான்: சறுக்குத் தடத்தில் நடக்கக் கூடாது. நகராட்சி வண்டி விடியுமுன் பனியை அழுத்தி, காலில் நீளக் கட்டைகள் மாட்டிச் சறுக்குபவர்களுக்காக ஏரியைச் சுற்றி இரண்டு கோடுகள் இழுத்துவிட்டுப் போகும். இஸ்திரி போட்ட சட்டையைப் போல இருக்கும். அதில் ஒரு காலடி விழுந்தால் என் கீழ்வீட்டு ரைலிக்குத் தன் முதுகில் மிதித்த மாதிரி.

ரைலிக்குப் பூங்காவில் எந்தப் பதவியும் கிடையாது. பல் மருத்துவமனையில் உதவியாளர். "வாயத் திறங்க" என்று சொல்லிப் பழகிய குரலிலேயே "கால எடுங்க" என்பாள். நாயோடு வந்த பாதிரியாரைக்கூட விடவில்லை.

"பரலோகத்துக்கு எந்த வழியா வேணாலும் போங்க ஃபாதர். இந்த வழியா வேணாம்."

அவளுக்குப் பெருமை கணவர் என்சியோ. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் கட்டைகளை எடுத்துக்கொண்டு சறுக்கப் போய்விடுவார். "தொப்பை மட்டும் ஏன் இறங்கலன்னுதான் தெரியல" என்பாள்.

இந்த ஜனவரியில் புதுத் தடத்தின் நடுவே தினமும் பூட்ஸ் அச்சுகள். பூங்கா சங்கத்துக் காப்பிக் கூட்டத்தில் ரைலி எழுந்தாள்.

"யாருன்னு பிடிச்சு, பேர அறிவிப்புப் பலகையில ஒட்டுவேன்."

"ஒட்டலன்னா?" என்றார் கௌகோ. அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவர்.

"ஒட்டலன்னா இனி யாரையும் அதட்ட மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு நம்பிக்கை அலை பரவியது.

மறுநாள் வேலைக்குப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, மாடியில் குடியிருக்கும் என்னைச் சாட்சிக்கு இழுத்துப் போனாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எதற்குமே வருவதில்லை. மரத்தடியில் பதுங்கினோம்.

என்சியோ வந்தார். கட்டைகள் தோளில், கையில் சாசேஜ் பொட்டலம், பூட்ஸ் கால்கள் தடத்தின் நட்டநடுவில். சீட்டி வேறு.

"அது காலுக்குய்யா! தோளுக்கில்ல!"

"கால்ல மாட்டினா விழுறேன் ரைலி."

"அப்போ இத்தனை வருஷமா?"

"தீமூட்டுற கொட்டகை வரைக்கும் போவேன். ஒரு சாசேஜ் சுடுவேன். இதுவரைக்கும் ஓரமாத்தான் நடந்தேன், இந்த வருஷம் இடுப்பு வரைக்கும் புதையுதே."

மரக்கிளையிலிருந்து ஒரு பிடி பனி அவள் தொப்பியில் விழுந்தது. தட்டிவிடவில்லை.

"பேரப் போட்டுடாதம்மா. இந்த ஊருக்கே பஸ் ஓட்டினவன் நான்."

"போடலன்னா நாளைக்கு நான் யாரய்யா அதட்டுறது?"

அன்று மாலையே ஒட்டினாள், கொட்டை எழுத்தில். கீழே சிறிய எழுத்தில்: 'சனிக்கிழமை முதல் பயிற்சி. பயிற்சியாளர், மனைவி.'

சனிக்கிழமை வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. மழலையர் பள்ளிக் குழந்தைகள் என்சியோவைக் கடந்து வழுக்கிப் போனார்கள். "முட்டிய மடக்கு, முட்டிய!" என்று ரைலி கத்தினாள். அவர் மடக்கினார், அப்படியே மல்லாந்தார், தடத்தின் குறுக்கே. இரண்டு கோடுகளும் காணாமல் போயின.

கௌகோவுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. "யோவ், தடத்தக் கெடுக்காதய்யா! எழுந்திரு!"

ரைலி திரும்பினாள். கௌகோவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நடந்தாத்தான் குத்தம். விழுந்தவர அதட்டக் கூடாது. அதுவும் சட்டம்."

அப்படியொரு சட்டம் எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேட்கவும் துணியவில்லை.

"ரைலி," என்றார் என்சியோ, வானத்தைப் பார்த்தபடி. "அப்போ கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா?"