பாதியில நின்ன ஒப்பாரி

எங்க ஊட்டுக்கு மேல்பக்கம், ஒரு வேலி தள்ளிக் காட்டேஜ். அமைதி வேணும்னா இங்க வாங்கன்னு ஏற்காடு ரோட்டுல போர்டு வெச்சிருக்கிறாரு அந்த மகராசன். மார்கழி பூரா அங்க ஸ்பீக்கர் அலறும். காப்பிப்பழம் பறிச்சு அலுத்து வந்து கம்பளியை இழுத்துப் போத்துனா, கட்டில் காலு அதிரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். போன மார்கழியில எங்கம்மா செத்துப்போச்சு. வாசல்ல கிடத்தி, மாரமங்கலத்துல இருந்து வந்த சொந்தக்காரப் பொம்பளைங்களோட உக்காந்து ஒப்பாரி எடுத்தேன். எங்க சனத்துல பொறந்ததுல இருந்து கடைசி மூச்சு வரைக்கும் வரிசையாச் சொல்லி அழோணும். அப்பத்தான் போறவங்க நிம்மதியாப் போவாங்க. பாதியிலயே மேல டான்ஸ் பாட்டைப் போட்டுட்டாங்க. நாங்க மாருல அடிச்ச அடி அந்தத் தாளத்துக்குச் சரியா விழுந்துச்சு. ஒருத்தி வெக்கப்பட்டுக் கையை எடுத்தா, அப்புறம் எல்லாருமே எடுத்துட்டோம்.

எங்க ஊட்டுக்காரரு போய்க் கெஞ்சினாரு. "வர்றவங்க ஜாலியா இருக்கத்தான வர்றாங்க"ன்னு அனுப்பிட்டாரு ஓனரு. அம்மாவை ஊமையாத் தூக்கிட்டுப் போனோம். அன்னைல இருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. அந்தாளு நாசமாப் போகோணும்னு நான் வேண்டாத சாமியில்லை.

சாமி எதுக்கு, தொண்டை இருக்குதே. இந்த வருசம் தெவசம் லீவு நாள்ல வந்துச்சு. மேல காரு நிக்க எடமில்லை. தெவசத்தன்னிக்கு விடிஞ்சதும் அழறது எங்க வழக்கந்தான். வேலியோரமாப் பாயைப் போட்டு உக்காந்து முதல்ல இருந்து எடுத்தேன்.

சன்னலு ஒவ்வொண்ணாத் தொறந்துச்சு. இழவுச் சத்தம் கேக்கற எடத்துல யாரு தங்குவா? ஒரு குடும்பம் பொட்டியோட கிளம்பிருச்சு. கடைசியில ஓனரே ஸ்வெட்டர்கூட மாட்டாம இறங்கி வந்தாரு.

"ஏனுங்கக்கா, யாருங்க தவறிட்டாங்க?"

"எங்கம்மாங்க. போன வருசம்."

"இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்க?"

"எங்கம்மா இப்பத்தானுங்க வயசுக்கு வந்திருக்குது. இனித்தான் கண்ணாலம்."

அவரு மூஞ்சியைப் பாக்க எனக்கு அப்பிடி இனிச்சுது. கண்ணாலத்தைப் பாடினேன். நான் பொறந்ததைப் பாடறப்ப உடைஞ்சு போனேன். அதுக்கப்புறம் அவரு நின்னாரா போனாரான்னே தெரியாது. கடைசி மூச்சு வரைக்கும் பாடி முடிச்சு, அந்தப் பாயிலயே இளவெயில்ல சாஞ்சவ உச்சிப்பொழுதுக்குத்தான் எந்திரிச்சேன். ஒரு வருசத் தூக்கம் அது. மேல ஒரு சத்தமில்லை.

மனசு ஆறிருச்சான்னு எல்லாரும் கேக்கறாங்க. அம்மா விசயத்துல ஆறிருச்சு. அவரு விசயத்துல ஆறலை. எங்க மாமியா தெவசம் கோடை சீசன்ல வருது. அது நொம்ப வருசம் வாழ்ந்த மனுசி.