பாஸ்போர்ட்டில் ஒரு புருஷன்

எங்கள் ஆட்களுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பிரிவது ரொம்பச் சுலபம். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் உட்காருவார்கள். தாலியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். பத்திரத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால், அத்துவிட்டாச்சு என்று அர்த்தம். எங்கள் ஊரான கோவில்பதாகையில் என்னையும் அப்படித்தான் அத்துவிட்டார்கள். என் தாய்மாமாதான் தலைமை. புருஷனாக இருந்தவன் அடுத்த தை மாசமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் அம்மா வீட்டிலிருந்து மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோர்ட் என்று ஒன்று இருப்பது எங்களில் யாருக்கும் ஞாபகம் வரவேயில்லை.

போன வருஷம் கம்பெனியில் என்னை மலேசியாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். சூப்பர்வைசர் வேலை. மாசக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போவாள். பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் சிங்கப்பூர் கூட்டிப்போகிறேன் என்று அவன் எடுத்துக் கொடுத்தது. திருப்பதிக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை என்பது வேறு கதை. அது காலாவதியாகிவிட்டதால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது விவாகரத்து ஆனவள் என்று போடச் சொன்னேன். அதுதானே உண்மை.

பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா, "விவாகரத்துன்னா கோர்ட் டிக்ரீ எங்கம்மா?" என்றாள். பத்திரத்தைக் கொடுத்தேன். படித்தாள், உதட்டைக் கடித்தாள், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். பக்கத்துக் கவுண்டருக்குத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இங்க பாருங்க. இவங்க மாமாதான் ஜட்ஜாம்."

அந்த ஆளும் சிரித்தான். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கொண்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று இருந்தது எனக்கு.

"இதுல வடைதான் மடிக்கலாம். சட்டப்படி நீங்க இன்னும் அவரு சம்சாரம்தான். கோர்ட்டுக்குப் போங்க, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். அவசரம்னா கல்யாணம் ஆனவங்கன்னு மாத்திடறேன். பழைய பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரி அவர் பேரு அப்படியே வரும்" என்றாள்.

"மாத்துங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

வெளியே டீக்கடையில் மாமா காத்திருந்தார். "இன்னா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. அவனுக்கே திரும்பக் கட்டி வெச்சுட்டாங்க. பிரியாணிதான் போடல."

நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். பத்திரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைக்கு இன்னா தெரியும்" என்றார்.

அடுத்து போலீஸ் விசாரணை. கான்ஸ்டபிள் தெருவில் விசாரித்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரி, "புருஷனா? அது அத்துகினு எத்தினியோ வருஷமாச்சே" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

"பொய்யா எழுதிக் குடுத்துகிறியா? நாளைக்குப் புருஷனக் கூட்டினு வா. இல்லாங்காட்டி பாஸ்போர்ட்டு குடுக்கக்கூடாதுன்னு எழுதிடுவேன்."

நான் போன் பண்ண மாட்டேன் என்றேன். மாமா பண்ணினார். அவன் சர்க்கார் உத்தியோகம். கவுண்டரில் நான் வாங்கிவந்த பாடத்தை மாமா அவனுக்கு அப்படியே ஒப்பித்தார்.

"சட்டப்படி நீ இன்னும் எங்க பொண்ணு புருஷன்தான் நைனா. நீ வர்லன்னா, ரெண்டு பொண்டாட்டி வெச்சுகினு கீறன்னு உன் ஆபீஸ்ல வந்து சொல்லுவேன்."

வந்தான். பைக்கில் பின்னால் அவன் ரெண்டாவதாகக் கட்டினவளும். என்னிடம் அவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கையில்லை. வகிடு நிறையக் குங்குமம், தாலிச் சங்கிலி புடவைக்கு மேலே தெரிகிற மாதிரி. இவளை நான் மறக்கவில்லை. முன்பு என் பாத்திரங்களை எடுத்துவர அந்த வீட்டுக்குப் போனபோது, உள்ளே விடாமல் வாசலில் நின்று, "இங்க இன்னா வெச்சுகினு கீற நீ?" என்று கேட்டவள்.

கான்ஸ்டபிள் என்னைக் காட்டி அவனைக் கேட்டார். "இது யாரு உனக்கு?"

"என் சம்சாரம் சார். சின்ன சண்டை. அதான் அம்மா ஊட்ல கீறா."

"அப்ப அது?"

அவன் அவளைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி சார்."

அவள் யாரும் சொல்லாமலே தாலிச் சங்கிலியை எடுத்துப் புடவைக்குள் போட்டுக்கொண்டாள். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வயிறு குளிர்ந்தது.

கான்ஸ்டபிள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. இன்னும் பத்து வருஷத்துக்கு அவன் பெயரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும்போது அவள் முன்னால் போய் நின்றேன்.

"வரேன் நாத்தனாரே" என்றேன். "அண்ணனுக்கு நேரத்துக்குச் சோறு போடு."