பொட்டு வைத்த இயந்திரம்

என் கைத்தொலைபேசியில் ஒரு படம் இருக்கிறது. அழிக்க மனம் வருவதில்லை. பார்த்தாலோ எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. எவர்சில்வர் இயந்திரம் ஒன்று, அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு பெயர். அருகில் பல்லெல்லாம் தெரிய நிற்பவர் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், என் பழைய முதலாளி.

சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் இருந்த அவருடைய பட்டறையில் நான் அலுவலக வேலை பார்த்தேன். சாப்பாட்டுக் கடைகளுக்காக வாழை இலையைக் கிழிக்காமல் கழுவித் துடைக்கும் இயந்திரம் அது. மூன்று ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார். பட்டறைத் தரை எந்நேரமும் பந்தி முடிந்த இடம்போலக் கிடக்கும். ஒருநாள் பஞ்சு உருளையைச் சற்றுச் சாய்த்து வைத்தார். இலை முழுதாக வெளியே வந்தது. காப்புரிமைப் பத்திரத்தில் தன் பெயர் வர வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காக அமர்த்திய வழக்கறிஞரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்: விண்ணப்பிக்கும்வரை வெளியாருக்குக் காட்டாதீர்கள், ஊருக்குத் தெரிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது புதியதல்ல. பயபக்தியோடு தலையாட்டியவர், வெளியே சொல்ல மாட்டேன் என்று என்னிடம்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

2014-இல், விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆயுத பூசை வந்தது.

"அண்ணே, அதை மட்டும் துணி போட்டு மூடிடுவோம் லா."

"சாமி முன்னாடி மூடி வைக்கிறதா? என்ன பேசுறே தங்கச்சி?"

சுண்டல் வாங்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்கள் முன்னால், இரண்டு இலையை உள்ளே விட்டு ஓட்டியும் காட்டினார். யாரோ எடுத்த காணொளி மாலைக்குள் பல வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டது. நான் கையில் சுண்டலோடு நின்றேன்.

"நீங்களே காட்டிட்டீங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது. வேற யாரும் இதுக்கு உரிமை வாங்க முடியாது, அதுதான் ஆறுதல்" என்றார் வழக்கறிஞரம்மா. சில மாதங்களில் வேறொரு நிறுவனம் அதே இயந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கியது. தடுக்க வழியில்லை.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் அவரும் நானும் சாப்பிடப் போனோம். சமையலறைக் கதவு வழியே அந்த நிறுவனத்தின் இயந்திரம் தெரிந்தது. முதலாளி இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல, பார்த்தியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. படத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். "எல்லாம் இந்தப் பூசையால வந்தது, அண்ணே."

அவர் மாலையையும் பொட்டையும் தாண்டி, பக்கவாட்டில் இருந்த எழுத்துகள் திரை முழுவதும் நிறையும்வரை படத்தைப் பெரிதாக்கினார்.

"பேரு இங்க இருக்கு லா" என்றார்.

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.