காஸ்டிக் சோடா இல்லாத டப்பா

ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. பள்ளத்தூரில் இலை அசையாத புழுக்கம்.

சுருள்முடியை நேராக்கும் கிரீம் இரண்டு டப்பா வாங்கி வந்த என் மகள், "அப்பச்சி, எது தலைக்கு நல்லது?" என்று கேட்டாள். ஒன்றில் காஸ்டிக் சோடா இருந்தது. மற்றதில் இல்லை என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதையே எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்த் தலையில் கிரீம் பிடிக்காது என்று நானாக நினைத்து, சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வரவும் சொன்னேன்.

தடவி ஆறு நிமிடம் ஆகவில்லை, "எரியுது" என்று அலறினாள். பதினைந்து நிமிடம் வைக்கலாம் என்று டப்பாவில் இருப்பதைப் படித்துக் காட்டினேன்.

"படிச்சது போதும், மோட்டரைப் போடுறீகளா இல்லையா?" என்று என் மனைவி கத்தினாள்.

கழுவும்போது முன்னெற்றி முடி கொத்தாகக் கையோடு வந்தது.

"சோடா இல்லாட்டி என்ன சார், இதுல சுண்ணாம்பு இருக்கே. எரிச்சல் கொஞ்சம் கம்மி, ஆனா முடியை வறட்டிடும். தேய்ச்சுக் குளிச்ச தலையில ரெண்டுமே புண்ணாக்கும்" என்றார் காரைக்குடி தோல் மருத்துவர்.

தலைக்குக் குளித்து மூன்று நாள் கழித்தே தடவ வேண்டும் என்று டப்பாவுக்குள் இருந்த தாளில் தெளிவாக இருந்தது. இப்போதெல்லாம் உள்ளே இருக்கும் தாளை முழுக்கப் படிக்காமல் எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. மகளும் என்னிடம் கேட்பதில்லை. அவளுக்கு முன்னெற்றியில் முடி இன்னும் முழுதாக வரவில்லை. மருத்துவருக்கும் களிம்புக்குமாக இதுவரை 2,870 ரூபாய்.