வடகரையில் ஆய்ந்த பூ

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு களவுதான் செய்திருக்கிறேன். ஐந்து பூக்கள். அதைக் களவு என்று வாய்திறந்து சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

2009இல் சுவிஸில் பீல் ஏரியின் வடகரையில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்தோம். எனக்கு பீலில் கைக்கடிகாரம் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை, என் கணவருக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில். எங்கள் ஒரே மகள் அதற்கு முன்பே, இந்த நாட்டிலேயே பிறந்தவள். பதினேழு வயதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் பொலிஸில் சேரப்போவதாகச் சொன்னாள். பொலிஸ் என்றால் கண்டதும் ஒதுங்கிப் போகவேண்டிய ஆட்கள் என்றுதான் நான் யாழ்ப்பாணத்தில் படித்துவைத்திருந்தேன். ஆனால் அவள் பிடித்த பிடியை விடுகிற பிள்ளை இல்லை. அதற்குச் சுவிஸ் பிரஜாவுரிமை வேண்டும். ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டோம்.

எங்கள் ஊர்க் கெமைண்டவில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், ஒரு நேர்முகம் இருக்கும், ஊரைப் பற்றிக் கேட்பார்கள் என்று சொன்னார்கள். நான் விடுவேனா? ஒரு கொப்பி வாங்கினேன். சனி, ஞாயிறுகளில் மகளையும் இழுத்துக்கொண்டு கரையோரம் முழுக்க நடந்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வெள்ளைத் தேவாலயம், தண்ணீர் குறைந்தபோது நிலத்தோடு ஒட்டிக்கொண்ட தீவு, வெயில் படாத பள்ளத்தாக்கு, எல்லாம் கொப்பியில் ஏறின. மாசி, பங்குனியில் தோட்டக்காரர்கள் திராட்சைக் கொடியை வில்லோ மரத்தின் ஈரமான மெல்லிய மிலாறால் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார்கள். முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு முறுக்கு, ஒரு சொருகல், அவ்வளவுதான். நான் வழியில் நின்று பார்த்துப் பார்த்து, வீட்டில் பலகணிக் கம்பியில் கட்டிப் பழகினேன். நாள் முழுக்கச் சாமணத்தால் கடிகாரத்துக்குள் குண்டூசித் தலையளவு திருகாணி வைக்கிற கைக்கு இதுவா வராது? மகளுக்கும் காட்டிக்கொடுத்தேன்.

"அம்மா, உங்களுக்கு இந்த ஊர்ச் சனத்தைவிடக் கூடத் தெரியும்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பூக்களும் எழுதினேன். கொடிகளுக்குக் கீழே சித்திரையில் மஞ்சள் நிறக் காட்டு டியூலிப் பூக்கும். கடையில் விற்கிற கொழுத்த டியூலிப் இல்லை இது. மெலிந்த தண்டு, தலையைச் சரித்துக்கொண்டு நிற்கும். அரிய இனமாம், வழியோரப் பலகையில் படத்தோடு போட்டிருந்தார்கள். என் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "பறிக்கக் கூடாது. சட்டம்."

பிறகு ஏன் பறித்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல? அன்று வெள்ளிக்கிழமை. நேர்முகத்துக்கு நாள் குறித்துக் கடிதம் வந்த வாரம். சாமிக்குப் பூ வேண்டும். சுப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம், ஆனால் அங்கே வருகிற போகிறவர்கள் எல்லாம் மூக்கை வைத்து மோந்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். மோந்த பூவைச் சாமிக்கு வைக்கிறதா? எங்கள் பக்கத்தில் விடிய எழும்பி அடுத்த வீட்டு வேலியில் செவ்வரத்தைப் பூ ஆய்ந்தால், வீட்டுக்காரர் கண்டாலும் ஒன்றும் கேட்கமாட்டார். சாமிக்குத்தானே. அந்த நினைப்பு என் கைக்குள் இருந்திருக்கவேண்டும். காலை வேலைக்குப் போகிற வழியில் குனிந்தேன், ஐந்து பூ ஆய்ந்தேன், பையில் போட்டேன்.

"நிறுத்துங்கள். அது பாதுகாக்கப்பட்ட பூ."

திராட்சைத் தோட்டத்தின் மேல்படியில் ஒரு பெண். அறுபது வயது இருக்கும், கையில் மண்வெட்டி. நான் திரும்பிப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் ஓடினேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

பொலிஸுக்குத்தான் எடுக்கிறார் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். மகளை விட்டால், ஊரில் கறுத்த பெண் என்று நான் ஒருத்திதான். அடையாளம் சொல்ல அவருக்கு ஒரு வசனம் போதும்.

அன்றிலிருந்து தபால்பெட்டிதான் எனக்கு எமன். பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். தொழிற்சாலையில் பதினொரு மணி ஆனதும் சாமணத்திலிருந்து திருகாணி தெறித்து விழும். இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரித்துவிட்டு ஹோட்டல் முழுக்கச் சொல்லுவார். ஓல்டன் நகரில் இருக்கும் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்து, யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல் கேட்டேன்.

"குற்றம் ஏதும் பதிஞ்சிருந்தால் குடும்பத்தின்ரை ஃபைலையே ஒதுக்கி வைச்சிடுவினம்," என்றாள் அவள். "அதோடை பொலிஸ் வேலைக்கெண்டால் தாய் தேப்பனையும் கிண்டிப் பாப்பாங்கள். ஏன், ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை."

அவளுக்குச் சட்டம் எவ்வளவு தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. நான் செய்த பிழையால் பிள்ளையின் வாழ்க்கை போகப்போகிறது என்பது மட்டும் தலைக்குள் நின்றது. அடுத்த திங்கட்கிழமை கெமைண்டவுக்குப் போய் என் பெயரை விண்ணப்பத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். நான் வெளியே நின்றால் என் குற்றமும் வெளியே நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் பூகம்பம். "இஞ்சேருமப்பா, உமக்கென்ன பைத்தியமோ?" என்றார் இவர். "இவ்வளவு நாளும் கொப்பியும் கையுமாத் திரிஞ்சனீர்."

"எனக்குத் தேவையில்லை. நான் யாழ்ப்பாணத்தாளாவே இருந்திட்டுப் போறன். நீங்கள் ரெண்டுபேரும் எடுங்கோ."

மகள் கொப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். படிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

நேர்முகத்தன்று நானும் கூடப் போனேன், வாசலோடு இருக்கலாம் என்று. நடைபாதையில் கதிரை போட்டிருந்தது. நேர்முகம் செய்கிற ஊர்க்காரர் மூன்று பேர் எங்களைக் கடந்து அறைக்குள் போனார்கள். மூன்றாவது ஆள் அந்தப் பெண். மண்வெட்டி மட்டும்தான் இல்லை.

அவர் நின்று, சிரித்து, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் பயந்தேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறார். இவரும் மகளும் உள்ளே இருந்த அரை மணித்தியாலமும் நான் கந்தசஷ்டி கவசத்தை நடுவில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண் நேரே என்னிடம் வந்தார். பின்னால் மகள்.

உங்கள் மகள் எங்கள் டியூலிப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னாள், என்றார் அவர். மண்ணைக் கொத்தினால்தான் அந்தக் கிழங்குகள் பெருகும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. வில்லோ மிலாறால் கட்டுகிற முறையைத் தன் விரலாலேயே செய்து காட்டினாள். யார் சொல்லிக்கொடுத்தது, நீங்களா?

எந்தத் தாயாக இருந்தாலும் அந்த இடத்தில் ஓம், நான்தான் என்றிருப்பாள். ஆனால் டியூலிப் என்ற சொல் காதில் விழுந்ததுமே இது பொறி என்று எனக்குப் பட்டது.

"இல்லை," என்றேன். "நான் இல்லை. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்ரநெற்றில் பார்த்திருப்பாள்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மகள் என்னைத் தாண்டி நடந்து வெளியே போனாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் இருந்தாள்.

இருவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. எனக்குப் பொலிஸ் கடிதம் வரவே இல்லை. மகள் படித்து முடித்து, பொலிஸ் பயிற்சிக்கும் தெரிவானாள். அந்த வருடங்களில் அவள் என்னோடு கதைத்தது எல்லாம் அளவாகத்தான். சாப்பிட்டன், வாறன், போறன். வளர்ந்த பிள்ளை, வேலைப்பளு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் சத்தியப்பிரமாணம் எடுத்து வந்த அன்று, இனி ஒருவராலும் ஒன்றும் செய்யமுடியாது என்ற தைரியத்தில், குசினியில் வைத்து முழுவதையும் சொன்னேன். பூவை, மண்வெட்டியை, தொலைபேசியை, பெயர் எடுத்ததை. அவள் சீருடையோடு நின்று கேட்டாள்.

"அம்மா, ஐஞ்சு பூவுக்கு ஒரு பூஸ எழுதுவினம், அபராதக் காசைக் கட்டினால் சரி. அதுக்காக ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

"எனக்கென்ன தெரியும்? உன்ரை வேலை போயிடும் எண்டு பயந்தன்."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் வேறை மாதிரி நினைச்சன்," என்றாள். "அண்டைக்கு அந்த மனிசி கேட்கேக்குள்ளை, என்ரை அம்மாதான் சொல்லித் தந்தவ எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நான் பிறந்த இடம் உங்களுக்கு வேண்டாம், என்னோடை ஒரே நாட்டாளா இருக்கிறதும் வேண்டாம் எண்டுதான், மூண்டு வருசமா நினைச்சுக்கொண்டு திரிஞ்சன் அம்மா."