அண்ணாச்சியின் மூன்றாவது பொட்டு

அலுவலகத்தில் பால் பொங்குகிற நேரத்தில் போன் வந்தது. சண்முகவேல் அண்ணாச்சி திருச்செந்தூரில் தம் வீட்டில் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், அன்றும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார்கள்.

அண்ணாச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகக் கன்டெய்னர் யார்டு வாசலில் லாரிகளை உள்ளே விடுகிற சாப்ட்வேரை எழுதுவது எங்கள் சிறிய அலுவலகம். அதில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் பொறுப்பு. இரவில் கம்ப்யூட்டரே சோதனைகளை ஓட்டிவிடும். காலையில் முடிவைப் பார்க்க வேண்டும். நான் அங்கே தேநீர் போடுகிறவள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சாப்ட்வேர் தவறினால் வாசலில் வெயிலில் காய்வது அவர்தான்.

முடிவுகளைத் திரையில் காட்ட ஒரு டாஷ்போர்டு செய்யப்போகிறோம் என்றார்கள் அண்ணாச்சி.

"லாரியில எலுமிச்சம்பழம் வைப்பாங்களே, அதுவா?"

"அதேதான் பேச்சி. ஒரு பார்வையில தெரிஞ்சுக்கிடணும்லா."

பிள்ளைகள் வெள்ளைப்பலகை நிறைய வட்டப்படமும் கோட்டுப்படமும் வரைந்திருந்தார்கள். அத்தனையையும் அழித்துவிட்டு அண்ணாச்சி இரண்டே பொட்டு வைத்தார்கள். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் நிறுத்து.

"ரெண்டு பொட்டு வைக்கவா இம்புட்டுச் சம்பளம்?" என்றேன்.

"ஏளா, மூணாவது பொட்டு வைக்காம இருக்கதுக்குத்தான் சம்பளம்."

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. சாப்ட்வேரின் புதிய பதிப்பை யார்டுக்கு விடவேண்டிய காலை, திரை பச்சையாக இருந்தது. முதலாளிக்கு அவசரம்.

"விட்டுருவோம் அண்ணாச்சி. லாரியெல்லாம் வந்துட்டுல்லா."

அண்ணாச்சி அசையவில்லை. "ராத்திரி கரண்டே இல்லையே சார். யாரு சோதிச்சா?"

"பச்சையாத்தானே இருக்கு?"

"அது முந்தாநாத்துப் பச்சை. ஹார்பர்ல கூண்டு ஏத்தலைன்னா புயல் இல்லைன்னும் இருக்கலாம், ஏத்துத ஆளு வரலைன்னும் இருக்கலாம்."

முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சோதனைகளை மறுபடி ஓட்டினார்கள். சிவப்பு. முந்தின நாள் நுழைவுச் சீட்டு வாங்கிய லாரி ஒன்றையும் அந்தப் புதிய பதிப்பு உள்ளே விட்டிருக்காது. பழைய பதிப்பே ஓடியது. அந்த வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர், நடந்தது ஒன்றும் தெரியாமல் மத்தியானம் சோற்றுக்கு வந்து, குழம்பில் உப்பில்லை என்று குறை சொன்னார்.

அண்ணாச்சி பலகைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் இன்னொரு பொட்டு வைத்து, பக்கத்தில் 'இன்னும் சோதிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

"மூணாவது பொட்டு வந்துட்டே. சம்பளத்தைப் பிடிச்சிரலாமா?"

"பிடிச்சுக்கோ ஏளா. தெரியலைன்னு சொல்லத் தெரியாத திரை நமக்கு எதுக்கு?"

போன் வந்த அன்று சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர்களை எல்லாம் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். மறுநாள் காலை நான்தான் கதவைத் திறந்து திரையைப் போட்டேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சாம்பல் பொட்டு. முந்தின நாள் பச்சையைக் காட்டி, ஒன்றும் நடக்காத மாதிரி அது நடிக்கவில்லை.

சம்பளம் பிடிக்கவில்லை அண்ணாச்சி. போய் வாருங்கள்.